கே-பாப் புள்ளிவிவரம் சேர்ப்பவர்களுக்கு: எண்ணைப் பார்க்கும் முன் எண்ணியவரைப் பாருங்கள்

செவன்டீன் என்ற கொரிய பாப் குழுவின் ‘எஃப்எம்எல்’ ஆல்பம் எத்தனை பிரதி விற்றது என்று தேடிப் பாருங்கள். 45 லட்சத்துக்கு மேல் என்று ஓரிடத்தில் இருக்கும், 64 லட்சம் என்று இன்னோரிடத்தில் இருக்கும். ரசிகர் குழுக்களில் இதை வைத்தே விடிய விடிய சண்டை நடக்கும். இரண்டுமே சரியான எண்கள்தான். முதலாவது, 2023 ஏப்ரலில் ஆல்பம் வெளிவந்து முதல் ஏழு நாளில் ஹான்டியோ என்ற கொரிய விற்பனைச் சார்ட்டில் பதிவான விற்பனை. இரண்டாவது, அந்த ஆண்டு முழுவதற்குமான உலகக் கணக்காக, இசைப்பதிவுத் தொழிலின் உலகக் கூட்டமைப்பான ஐஎஃப்பிஐ வெளியிட்டது.

கொரிய பாப் இசையில் தகவலுக்குப் பஞ்சமே இல்லை. முழுப்பொய்யான எண்கூட நாம் நினைக்கிற அளவுக்குக் கிடையாது. பெரும்பாலும் நடப்பது இதுதான்: ஒரு கேள்விக்கான பதிலை எடுத்து வேறொரு கேள்விக்குக் கீழே எழுதிவிடுகிறார்கள். அதனால் சரிபார்ப்பது என்றால் எண் உண்மையா என்று கேட்பதோடு நிற்கக் கூடாது. இது எந்தக் கேள்விக்கான பதில் என்றும் கேட்க வேண்டும்.

நான் கோவையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வவுச்சர் (ஆதாரச் சீட்டு) இல்லாத என்ட்ரியைப் பார்த்தால் கை தானாக நின்றுவிடும். கே-பாப் பற்றித் தமிழில் எழுதும் நண்பர்களுக்காக ஒரு ஷீட் பராமரித்து வருகிறேன். அதிலும் இதே பழக்கம்தான். புதிதாக இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு என் முறையைச் சொல்கிறேன்.

ஷீட்டில் எண்ணுக்கு ஒரு காலம் (column, நெடுவரிசை) வைத்தால், அதன் பக்கத்திலேயே இன்னும் ஐந்து காலம் வையுங்கள்: எண்ணியது யார், எதை எண்ணினார்கள், எந்த நாள் முதல் எந்த நாள் வரை, நான் பார்த்த தேதி, பார்த்த பக்கத்தின் லிங்க். இந்த ஐந்தும் நிரம்பாத வரிக்கு மஞ்சள் நிறம் போட்டுவிடுவேன். மஞ்சள் வரியை யாருக்கும் அனுப்புவதில்லை.

ஆல்பம் விற்பனை

அதிகத் தகராறு வருவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கொரியாவில் ஆல்பம் கணக்குக்கு இரண்டு பெரிய இடங்கள் உண்டு. ஒன்று ஹான்டியோ. 1993இல் தொடங்கியது. தன்னோடு இணைந்த கடைகளில் வாடிக்கையாளருக்கு விற்றதை உடனுக்குடன் எண்ணுகிறது. ரசிகர்கள் ‘சோடொங்’ என்று சொல்கிற முதல் வார விற்பனை இந்தக் கணக்கிலிருந்து வருவது. வெளியான நாளிலிருந்து ஏழு நாள். எட்டாம் நாள் விற்றது அதில் சேராது. இணையாத கடையில் விற்றதும் சேராது.

மற்றொன்று சர்க்கிள் சார்ட். கொரிய இசை உள்ளடக்கச் சங்கம் நடத்துவது. 2010 பிப்ரவரியில் காவோன் சார்ட் என்ற பெயரில் வந்தது, 2022 ஜூலையில் சர்க்கிள் ஆனது. இதன் முக்கியமான ஆல்பம் சார்ட் எண்ணுவது கடைக்காரர்களுக்கு அனுப்பிய பிரதிகளை. அதிலிருந்து திரும்பி வந்தவற்றைக் கழிப்பார்கள். ரசிகர் கையில் போய்ச் சேர்ந்த பிரதியும், கடை அலமாரியில் உட்கார்ந்திருக்கும் பிரதியும் இங்கே ஒன்றுதான். கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது புதிதில்லை. சரக்கு குடோனை விட்டுக் கிளம்பிய நாளும் பில் போட்ட நாளும் வேறு வேறு. ஒரே ஆல்பத்துக்கு ஹான்டியோவில் ஓர் எண்ணும் சர்க்கிளில் அதைவிடப் பெரிய எண்ணும் இருந்தால் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று பொருள் இல்லை. இரண்டையும் கூட்டுவதும் தப்பு, சராசரி எடுப்பதும் தப்பு. தனித்தனிக் காலமாகவே இருக்கட்டும்.

வாரமும் ஒன்று கிடையாது. சர்க்கிளின் வாரம் ஞாயிறு தொடங்கி சனி வரை. ஹான்டியோவின் வாரச் சார்ட் திங்கள் முதல் ஞாயிறு வரை. அமெரிக்க பில்போர்டு வெள்ளி முதல் வியாழன் வரை. வெள்ளிக்கிழமை வெளிவந்த ஆல்பத்துக்குச் சர்க்கிளின் ‘முதல் வாரம்’ வெறும் இரண்டு நாள்தான். ‘முதல் வாரம்’ என்று யாராவது எழுதியிருந்தால் எந்தச் சார்ட்டின் வாரம் என்று கேட்காமல் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சான்றிதழ்களையும் பார்த்துப் பயன்படுத்த வேண்டும். சர்க்கிளை நடத்தும் அதே சங்கம் 2018இல் பிளாட்டினம் சான்று கொடுக்கத் தொடங்கியது. ஆல்பத்துக்கு இரண்டரை லட்சம் என்றால் பிளாட்டினம், 10 லட்சம் என்றால் மில்லியன். 2018 ஜனவரி 1 முதல் வெளிவந்தவைக்கு மட்டும்தான் இது பொருந்தும். அதற்கு முந்தைய ஆல்பத்துக்குச் சான்று இல்லையே என்று அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். ‘சான்று இல்லை’ என்பதையும் ‘சான்று முறையே அப்போது இல்லை’ என்பதையும் வேறு வேறு குறியீட்டில் எழுதுங்கள். நான் முதலாவதுக்குப் பூஜ்யமும் இரண்டாவதுக்குக் கோடும் போடுவேன்.

2010க்கு முன்னால் போகப் போக ஆதாரம் குறைந்துவிடும். கொரிய இசைத் தொழில் சங்கத்தின் மாத அறிக்கைகள் 2008 வரை உண்டு. 90களின் கடைசிக்கு முன்னால் அதுவும் இல்லை. அந்தக் காலத்து ‘மில்லியன் செல்லர்’ எண்களில் பல, கம்பெனி சொல்லிப் பத்திரிகை எழுதியவை. அவற்றைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ‘எண்ணியது யார்’ என்ற இடத்தில் ‘கம்பெனி, பத்திரிகை வழியாக’ என்று எழுதி வையுங்கள், போதும்.

மொத்தச் சந்தையைப் பற்றி எழுதும்போது எல்லையைச் சேர்த்து எழுதுவது கட்டாயம். 2023இல் கொரிய ஆல்பம் விற்பனை 10 கோடியைத் தாண்டியது என்று படித்திருப்பீர்கள். அது சர்க்கிளின் ஆண்டுப் பட்டியலில் முதல் 400 ஆல்பங்களின் கூட்டுத்தொகை. அதே ஆண்டு ஆல்பம் ஏற்றுமதி சுமார் 29 கோடி டாலர் என்பது கொரிய சுங்கத்துறைக் கணக்கு. ஒன்று பிரதி, மற்றது பணம். ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்க முடியாது. ஆனால் இரண்டும் ஒரே திசையில் போகின்றனவா என்று பார்க்கலாம், அது பயனுள்ள சோதனை.

தேதிகள்

ஒரு குழுவின் அறிமுகத் தேதி என்று ஒரே ஒரு காலம் வைத்தால் பிரச்சினை அங்கேயே ஆரம்பம். பிடிஎஸ் குழுவின் முதல் ஆல்பம் 2013 ஜூன் 12 அன்று வெளிவந்தது. எம் கவுன்ட்டவுன் நிகழ்ச்சியில் முதல் டிவி மேடை ஜூன் 13. அவர்கள் ஆண்டுதோறும் கொண்டாடுவது 13ஐத்தான். டிவிஎக்ஸ்க்யூ 2003 டிசம்பர் 26 அன்று ஒரு டிவி சிறப்பு நிகழ்ச்சியில் மேடையேறினார்கள். முதல் சிங்கிள் 2004 ஜனவரி 14. ஆண்டே மாறிவிடுகிறது பாருங்கள், ‘2003இல் அறிமுகமான குழுக்கள்’ என்று பட்டியல் போட்டால் இவர்கள் உள்ளேயா வெளியேயா? நியூஜீன்ஸுக்கு மூன்று தேதி: 2022 ஜூலை 22 அன்று முன்னறிவிப்பே இல்லாமல் முதல் வீடியோ, ஆகஸ்ட் 1 டிஜிட்டல் ஆல்பம், ஆகஸ்ட் 8 கையில் வாங்கும் ஆல்பம்.

அதனால் நான்கு காலம் வைத்திருக்கிறேன்: முதல் பாடல் அல்லது வீடியோ, முதல் டிவி மேடை, கடையில் ஆல்பம், கம்பெனி கொண்டாடும் நாள். எல்லாம் ஒரே தேதியாக இருந்தாலும் நான்கிலும் எழுதுவேன். பட்டியல் போடும்போது எந்தக் காலத்தை வைத்துப் போட்டேன் என்று தலைப்பிலேயே சொல்லிவிடுவேன்.

சார்ட் தேதியில் இன்னும் கவனம் வேண்டும். பிடிஎஸ்ஸின் ‘டைனமைட்’ பாடலை எடுத்துக்கொள்வோம். வெளியானது 2020 ஆகஸ்ட் 21. கணக்கில் வந்த வாரம் ஆகஸ்ட் 21 முதல் 27 வரை. பில்போர்டின் பாடல் சார்ட்டான ஹாட் 100இல் முதலிடம் என்ற அறிவிப்பு ஆகஸ்ட் 31. ஆனால் அந்தச் சார்ட்டின் மேல் அச்சான தேதி செப்டம்பர் 5. நான்கு கட்டுரையில் நான்கு தேதி இருக்கும், நான்கும் சரி. சார்ட்டைச் சுட்டும்போது நான் எப்போதும் அச்சான தேதியைத்தான் எழுதுகிறேன், பிறகு யார் தேடினாலும் அந்தப் பக்கம் கிடைக்கும்.

கொரிய நேரம் நம் நேரத்தைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே மாலை 6 மணி என்றால் இங்கே பிற்பகல் 2.30. 2017 பிப்ரவரி கடைசியில் கொரியாவின் பாட்டுத் தளங்கள் விதியை மாற்றின. நள்ளிரவில் வெளியாகும் பாட்டு உடனே நிகழ்நேரச் சார்ட்டுக்குள் வர முடியாமல் போனது. அதன் பிறகுதான் மாலை 6 மணி வெளியீடு பரவலானது. அதற்கு முந்தைய நள்ளிரவு வெளியீடுகள் நம் ஊர்க் கடிகாரத்தில் முந்தைய நாள் இரவு 8.30க்கு வரும். இந்தியத் தளத்திலிருந்து தேதி எடுத்தால் ஒரு நாள் பின்னால் போய்விடும். ஷீட் முழுவதும் கொரிய நேரம் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

விருதுகளில் ஆண்டைப் பிரித்து எழுதுங்கள். 37ஆவது கோல்டன் டிஸ்க் விழா 2023 ஜனவரியில் பாங்காக்கில் நடந்தது, ஆனால் கௌரவித்தது பெரும்பாலும் 2022 வெளியீடுகளை. ‘விழா எண்’ என்ற காலம் இருந்தால் சிக்கல் தீர்ந்தது.

வயது எழுதவே எழுதாதீர்கள், பிறந்த தேதியை எழுதுங்கள். பழைய கொரிய முறையில் பிறந்ததும் ஒரு வயது, ஒவ்வொரு ஜனவரி 1க்கும் ஒன்று கூடும். 2023 ஜூன் 28 முதல்தான் சட்டப்படி நம்மைப் போன்ற கணக்கு. அதற்கு முந்தைய கட்டுரைகளில் உள்ள வயது ஒன்றிரண்டு கூடுதலாகவே இருக்கும்.

லட்சம், கோடி

கொரியச் செய்திகளில் பெரிய எண்கள் பத்தாயிரத்தை அலகாக வைத்து வரும். அதற்கு மேல் பத்துக் கோடி ஓர் அலகு. அதற்கும் மேல் வருவது ஒரு லட்சம் கோடி. ஆங்கில மொழிபெயர்ப்பைப் பார்த்து மில்லியனுக்கு மாற்றி, பிறகு லட்சத்துக்கு மாற்றுவதில்தான் ஒரு பூஜ்யம் தவறிப்போகிறது. கொரியன் எழுத்திலிருந்து நேராக நம் கணக்குக்கு வாருங்கள். 135 பத்தாயிரம் என்றால் பதின்மூன்றரை லட்சம். கொரிய முறை நான்கு நான்கு இலக்கமாகவும் நம் முறை மூன்று, ஐந்து, ஏழு இலக்கங்களிலும் பிரிவதால் முழு எண்ணாக எழுதி இலக்கத்தை எண்ணிவிடுவது நல்லது. பண மதிப்பைக் கொரிய நாணயமான வோனிலேயே வையுங்கள், ரூபாயாக மாற்றுவதை எழுதுகிற நாளில் செய்துகொள்ளலாம்.

பெயர்கள்

ஆள் மாறாட்டம் நடப்பது பெயரில். பிடிஎஸ்ஸின் ஜிமின் முழுப்பெயர் பாக் ஜிமின். முன்பு ஃபிஃப்டீன் அண்ட் குழுவில் பாடி இப்போது ஜேமி என்ற பெயரில் பாடுகிறவரும் பாக் ஜிமின்தான். எக்ஸோவின் ஷியுமின், மெலோமான்ஸின் பாடகர், இரண்டு பேருமே கிம் மின்சொக். கொரிய எழுத்திலும் இவர்கள் பெயர் ஒன்றே. அதனால் பெயரை அடையாளமாக வைக்காமல், ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பக்கத்தில் கொரிய எழுத்தில் பெயர், பிறந்த தேதி, மேடைப் பெயர், குழு என்று வைக்கிறேன். ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கம்பெனி எப்படி எழுதுகிறதோ அப்படியே எடுக்க வேண்டும்.

குழுப் பெயரும் மாறும். பீஸ்ட் என்று 2009இல் வந்தவர்கள் 2017 முதல் ஹைலைட். கம்பெனிப் பெயர்கள் இன்னும் மோசம். லோயென் 2018இல் காகாவோ எம் ஆனது, பிறகு காகாவோ என்டர்டெயின்மென்ட்டுக்குள் சேர்ந்தது. பிக் ஹிட் 2021 மார்ச்சில் ஹைப் ஆனது. ஆல்பம் வெளிவந்த அன்று அட்டையில் என்ன பெயர் இருந்ததோ அதை ஒரு காலத்திலும் இன்றைய பெயரை இன்னொரு காலத்திலும் எழுதுங்கள். பழைய சிடியின் பின்னட்டையைப் படம் எடுத்து வைப்பது அருமையான ஆதாரம். வெளியிட்டவர், விநியோகித்தவர், 880 என்று தொடங்கும் கொரியப் பார்கோடு எல்லாம் அங்கே இருக்கும்.

பாட்டு எழுதியது யார் என்பதற்கு, கொரிய இசைப் பதிப்புரிமைச் சங்கத்தின் தேடல் பக்கம். பாடலாசிரியர், இசையமைப்பாளர், அரேஞ்சர் தனித்தனியாக வரும். அங்கே இல்லையென்றால் 2014இல் தொடங்கிய இரண்டாவது சங்கத்திலும் தேடுங்கள். ஒருவர் பெயரில் இத்தனை பாடல் பதிவு என்று ரசிகர்கள் பெருமையாகச் சொல்லும் எண்ணில் ரீமிக்ஸும் வேறு மொழிப் பதிப்பும் தனிப் பதிவாகக் கலந்திருக்கலாம். திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் தெரியும்.

கம்பெனி விவரத்துக்கு எனக்கு மிகவும் பிடித்த இடம் டார்ட். கொரிய நிதி மேற்பார்வை அமைப்பின் இணைய வெளியீட்டுத் தளம். ஹைப், எஸ்எம், ஜேஒய்பி, ஒய்ஜி நான்கும் பங்குச்சந்தையில் இருப்பதால் வருமானம், துணைக் கம்பெனிகள், பெரிய பங்குதாரர்கள் எல்லாம் அங்கே கையெழுத்தோடு கிடைக்கும். சந்தையில் இல்லாத சில கம்பெனிகளின் தணிக்கை அறிக்கையும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: துணைக் கம்பெனிகளைச் சேர்த்த அறிக்கை வேறு, தனிக் கம்பெனி அறிக்கை வேறு. இந்த ஆண்டுக்குச் சேர்த்ததையும் போன ஆண்டுக்குத் தனியையும் எடுத்து வளர்ச்சி விகிதம் போட்டால் அது வெறும் குப்பை. தொடங்கிய ஆண்டுக்கும் இதுதான் நல்ல இடம். எஸ்எம் 1989 என்றும் 1995 என்றும் படிப்பீர்கள். முன்னது எஸ்எம் ஸ்டூடியோ தொடங்கிய ஆண்டு, பின்னது கம்பெனியாகப் பதிவான ஆண்டு. எஸ்எம் தன் 30ஆம் ஆண்டைக் கொண்டாடியது 2025இல்.

பக்கத்துக் கட்டத்தைக் கழித்துப் பாருங்கள்

மூலமே தவறாக இருந்தால்? அதிகாரபூர்வமாக அறிவித்த எண் என்பதாலேயே அது சரியாகிவிடாது. மக்கள் வாக்கை வைத்துக் குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுத்த ‘புரொடியூஸ் எக்ஸ் 101’ டிவி நிகழ்ச்சியின் இறுதிச் சுற்று 2019 ஜூலை 19 அன்று நடந்தது. டிவி திரையில் வந்த வாக்குகளை ரசிகர்கள் எழுதிவைத்து, அடுத்தடுத்த இடங்களின் வித்தியாசத்தைக் கழித்தார்கள். 1க்கும் 2க்கும் 29,978. 3க்கும் 4க்கும் 29,978. 6க்கும் 7க்கும் அதேதான், 7க்கும் 8க்கும் அதேதான், 10க்கும் 11க்கும் அதேதான். வாக்குகளையும் 7494.442 என்ற எண்ணால் வகுத்தால் ஏறக்குறைய முழு எண்ணாக வந்தது. மக்கள் போட்ட வாக்கு இப்படி வராது. ரசிகர்கள் புகார் கொடுத்தார்கள், போலீஸ் விசாரித்தது, தயாரிப்பாளருக்கு இரண்டு ஆண்டு சிறை விதித்ததை 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கழித்தலும் வகுத்தலும் மட்டுமே தெரிந்தவர்கள் செய்த வேலை அது. எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை உண்டு.

ஆகவே பட்டியல் எதுவானாலும் அடுத்தடுத்த வரியின் வித்தியாசத்துக்கு ஒரு காலம் போடுங்கள். மாதக் கணக்கைக் கூட்டி ஆண்டுக் கணக்கோடு ஒப்பிடுங்கள். யூடியூப் பார்வைகளுக்கு எந்தச் சேனல் என்று எழுதுங்கள், ஒரே பாட்டு கம்பெனி சேனலிலும் விநியோகஸ்தர் சேனலிலும் இருக்கும். 24 மணி நேரச் சாதனை என்றால் 2019 செப்டம்பருக்கு முன்பா பின்பா என்று பாருங்கள். அந்த மாதத்திலிருந்து விளம்பரமாக ஓட்டிய பார்வைகளை யூடியூப் அந்தச் சாதனைக் கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டு செய்தித்தாள் சொன்னால் உறுதி என்ற பழக்கம் இந்தத் துறையில் உதவாது. கம்பெனி அனுப்பும் பத்திரிகைக் குறிப்பை இருபது தளங்கள் ஒரே நாளில் வெளியிடும், வாக்கியம்கூட மாறாது. அது இருபது சாட்சி ஆகாது, ஒரு சாட்சிதான். நமுவிக்கி போன்ற ரசிகர் கலைக்களஞ்சியங்கள் வழிகாட்டியாக நல்லவை. எங்கே தேட வேண்டும் என்று அவை சொல்லும். ஆனால் வவுச்சராக அவற்றை வைக்க முடியாது. கொரியத் தேடுதளமான நேவரில் வரும் பிரபலங்களின் விவரப் பக்கமும் அப்படித்தான், அதில் உள்ளதைச் சம்பந்தப்பட்டவரே விண்ணப்பித்து மாற்றிக்கொள்ளலாம். பார்த்த பக்கத்தை அன்றே, இணையப் பக்கங்களின் நகலைக் காக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமியுங்கள். கொரியத் தளங்கள் வடிவம் மாறும்போது பழைய லிங்க் செத்துவிடும்.

அப்புறம், எல்லாவற்றையும் சரிபார்க்க நமக்கு உரிமை இருக்கிறதென்று நினைத்துவிட வேண்டாம். 2010இல் எபிக் ஹை குழுவின் டாப்லோ ஸ்டான்ஃபோர்டில் படிக்கவே இல்லை என்று ஒரு இணையக் குழு கிளம்பியது. பல்கலைக்கழகமே அவர் படித்தார் என்று சொல்லியும் விடவில்லை. ஆதாரம் காட்டக் காட்ட இன்னும் ஆதாரம் கேட்டார்கள், அவர் குடும்பத்தையும் இழுத்தார்கள். போலீஸும் பட்டம் உண்மை என்றது, அவதூறு செய்தவர்களுக்குத் தண்டனையும் கிடைத்தது. ஆனால் அவர் இழந்த காலத்தை யார் திருப்பித் தருவது? என் ஷீட்டில் பள்ளி, வீட்டு முகவரி, பெற்றோர் பெயர், விமான நேரம், உடல்நிலை, காதல் எதற்கும் காலம் கிடையாது. யாராவது சேர்க்கச் சொல்லி அனுப்பினால் அழித்துவிடுகிறேன். ஒருவர் வெளியிட்ட பாட்டும் கையெழுத்திட்ட அறிக்கையும் போதும், அவற்றைச் சரியாக எழுதவே நேரம் பற்றவில்லை.

பராமரிப்புக்கு ஓர் ஒழுங்கு இருந்தால் வேலை சுமையாகாது. சர்க்கிளின் மாதக் கணக்கை ஒவ்வொரு மாதமும் எடுங்கள். டார்ட்டில் காலாண்டு அறிக்கைகள் மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் நடுவில் வரும், ஆண்டறிக்கை மார்ச் கடைசிக்குள். ஜனவரியில் சர்க்கிளின் ஆண்டுப் பட்டியலை இறக்கி, உங்கள் பன்னிரண்டு மாதக் கூட்டுத்தொகையோடு வைத்துப் பாருங்கள். ஒத்துப்போகாத வரிகளில் பழைய எண்ணை அழிக்காமல், கீழே புதிய வரியாக எழுதி, மாற்றிய தேதியையும் காரணத்தையும் பக்கத்தில் போட்டுவிடுங்கள்.